முட்டை அக்கா செய்த நாற்பத்தேழு குற்றங்கள்

எங்கள் மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவுச் சுவரில் ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. "தேடல் பெட்டியில் ஒற்றை மேற்கோள் குறியை எவரும் இடக் கூடாது. மீறுவோர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்." கீழே நிர்வாக அதிகாரியின் கையெழுத்து, பக்கத்தில் ஊதா சீல். அதைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று ஒருத்தி வந்து சொல்கிறாள். தாழ்ப்பாள் போடுவதை விட்டுவிட்டுக் கதவின் மேல் "தள்ளாதே" என்று எழுதி ஒட்டினால் அது என்ன புத்தி? சரி, அதுகூடப் போகட்டும். சொல்ல வந்தவளையே திருடி என்று கூண்டில் நிறுத்தினார்களே, அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் எனக்கு அண்ணி. நாத்தனார் ஒருத்தி அண்ணிக்காக வரிந்து கட்டிக்கொண்டு எழுதுகிறாள் என்றால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். எங்களுக்குள் சண்டையே இல்லை என்று நான் புளுகப் போவதில்லை. ஒரு தையல் மிஷினுக்காக எட்டு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறோம். அப்போதும் ஒரே பேருந்தில்தான் வேலைக்குப் போனோம். அவள் ரெக்கார்டு பிரிவில், நான் அதே கட்டடத்தில் மருந்து கொடுக்கிற கவுண்டரில்.

மருத்துவமனையில் அவளுக்குப் பெயர் முட்டை அக்கா. பெரிய டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் நோயாளி அட்டையில் ஏழு இலக்க எண் இருக்கும். பழைய அட்டைகள் எல்லாம் பூஜ்யத்தில் தொடங்கும். எந்த நோயாளியும் அந்தப் பூஜ்யங்களை வாயால் சொல்வதில்லை. "முப்பத்தொண்ணு இருநூத்தி நாப்பத்தஞ்சு" என்று ஜன்னலில் நின்று கத்துவார்கள். அண்ணி தலையைத் தூக்காமல் கேட்பாள்: "முன்னாடி எத்தனை முட்டை?"

வந்தவர் முழிப்பார். அட்டையை வாங்கிப் பார்த்து, முட்டைகளை எண்ணிவிட்டுத்தான் அடுத்த வேலை. எக்ஸ்ரே அறைக்குப் பின்னால், ஒற்றை ஜன்னல் வைத்த இருட்டு அறை அது. கூரை வரை இரும்பு ராக்குகள். ஏணியின் ஒரு சக்கரம் சுற்றாது. ஒரு காலால் அதை உதைத்து நகர்த்த வேண்டும். தூசிக்குப் பயந்து அண்ணனின் பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, கையை மடித்துவிட்டு, பத்தொன்பது வருடம் அந்த ராக்குகளுக்கு நடுவில் ஏறி இறங்கினாள்.

அந்த முட்டைகளை அவள் ஏன் அப்படிப் பிடித்துத் தொங்கினாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவசரப் பிரிவில் கொடுக்கும் எண் ஐந்து இலக்கம். ஏழு இலக்க எண்ணில் முன்னால் இருக்கும் இரண்டு முட்டையை விழுங்கிவிட்டால் அது அவசரப் பிரிவில் கிடக்கும் வேறொருவரின் எண்ணாகிவிடும். ஒருமுறை அப்படி ஒரு பெரியவருக்கு இன்னொருவருடைய கோப்பு போய்விட்டது. அவருக்கு ஒரு ஊசி ஒத்துக்கொள்ளாது என்று அவர் கோப்பில் சிவப்பில் எழுதியிருக்கிறது, மேஜையில் இருக்கும் கோப்பில் அது இல்லை. மருந்துச் சீட்டு என் கவுண்டருக்கு வந்துவிட்டது. நான் எடுத்துக்கூடக் கொடுத்துவிட்டேன். அண்ணி படிக்கட்டில் ஓடிவந்து நர்ஸ் கையிலிருந்து பிடுங்கினாள். அன்றிலிருந்து நானும் அட்டையைப் பார்க்காமல் மருந்து கொடுப்பதில்லை.

பிறகு கோப்பு எண்களைக் கணினியில் ஏற்றச் சொன்னார்கள். கட்டம் கட்டமாக இருக்குமே, அந்த ஷீட். அதற்கு ஒரு கெட்ட குணம்: எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் இருந்தால் முழுங்கிவிடும். முழுங்காமல் இருக்க எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைத் தட்ட வேண்டும். இதை அண்ணிதான் கண்டுபிடித்துப் பிரிவில் இருந்த ஏழு பேருக்கும் பழக்கினாள். முதலில் குறி, அப்புறம் எண். பதினோரு வருடம் அப்படித் தட்டினார்கள். கேட்டுப் பார்த்தால் தட்டினோமா என்று அவர்களுக்கே தெரியாது. நாம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது விளக்கை அணைத்தோமா என்று யோசிப்போமே, அந்த மாதிரி விரல் தானாகப் போய்விட்டு வந்துவிடும்.

போன வருடம் ஷீட்டை ஒழித்துவிட்டுப் புது மென்பொருள் வந்தது. கம்பெனிக்காரர் ஒருவர் கழுத்தில் அடையாள அட்டை தொங்க வந்து, பாடம் நடத்தி, எல்லோருக்கும் கடவுச்சொல் கொடுத்தார். உள்ளே நாங்கள் பார்க்க ஒரு பக்கம்; வெளியே நோயாளிகள் வீட்டிலிருந்தே அட்டை எண்ணை அடித்துப் பரிசோதனை முடிவைப் பார்க்க இன்னொரு பக்கம். முதல் நாள் காலை அண்ணி உட்கார்ந்தாள். விரல் வழக்கம்போல் குறியைத் தட்டி, எண்ணைத் தட்டியது. திரையில் கோப்பு வரவில்லை. ஆங்கிலத்தில் ஒரு நீளமான புலம்பல் வந்தது: இந்த வாக்கியம் புரியவில்லை, இந்தப் பட்டியலில் தேடப் போனேன், இந்த இடத்தில் தடுக்கிவிட்டது என்று பட்டியலின் பெயர் உட்பட உள்ளே இருப்பதை எல்லாம் ஒப்பித்தது.

அன்று மதியம் மருத்துவமனையில் கணினிக்கு வயர் இழுக்கும் ஒப்பந்தக்காரர் வந்திருந்தார். அண்ணி அதைக் காட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது. அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். முன்பெல்லாம் டாக்டர் ஒரு துண்டுச் சீட்டில் எண் எழுதி அனுப்புவார், ஆள் போய் அந்தக் கோப்பை எடுத்து வருவான். அந்தச் சீட்டில் ஒரு விஷமி, "இந்த எண், அதோடு ராக்கில் இருக்கும் எல்லாக் கோப்பும்" என்று எழுதி அனுப்பினால் நம் ஆள் என்ன செய்வான்? "மூளை கீளை இருக்கா?" என்று சீட்டைத் திருப்பி அனுப்புவான். இந்தப் பக்கத்துக்கு அந்த மூளை கிடையாது. அந்தக் குறியைப் பார்த்தால் எண் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும்; அதற்குப் பிறகு எழுதுவதை எல்லாம் எஜமான் உத்தரவு என்று எடுத்துக்கொள்ளும். விஷயம் தெரிந்தவன் ஒரே வரியில் மொத்த மருத்துவமனையையும் வழித்துக்கொண்டு போய்விடலாம்.

"வெளிப் பக்கத்துலயும் இதே பெட்டிதான் அக்கா. உலகத்துல எவன் வேணா உட்கார்ந்து அடிக்கலாம். சரி பண்றது பெரிய வித்தை இல்ல. பெட்டியில வர்றதை வெறும் எண்ணா மட்டும் வாங்கு, உத்தரவா படிக்காதேன்னு உள்ள எழுதணும். ரெண்டு நாள் வேலை. ஆனா என் பேரை எங்கயும் சொல்லிடாதீங்க, அடுத்த வருஷ ஒப்பந்தம் போயிடும்."

அண்ணி அவர் பெயரைச் சொல்லவில்லை. தன் பெயரில் கடிதம் எழுதினாள். ஒன்றல்ல, மூன்று. மாதத்துக்கு ஒன்று, தபால் பிரிவில் எண் போட்டு, நகலில் தேதி முத்திரை வாங்கி வைத்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். முதல் கடிதத்துக்குப் பதில், கம்பெனிக்காரர் ஜன்னலில் தலையை நீட்டிச் சொன்னது: "அந்தக் குறியைப் போடாதீங்க மேடம், அவ்வளவுதானே." இரண்டாவதற்குப் பதில் அந்தச் சுற்றறிக்கை. மூன்றாவதற்குப் பதிலே இல்லை.

நான்காவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் நோயாளிகள் பதினோராயிரம் பேரின் பெயரும் நோயும் இணையத்தில் யாரோ போட்ட ஒரு பக்கத்தில் வரிசையாகக் கிடந்தன. பத்து மணிக்குள் ரெக்கார்டு ஜன்னலில் கூட்டம். கத்தினவர்களை நான் மறந்துவிட்டேன். கத்தாத ஒருத்தியைத்தான் மறக்க முடியவில்லை. ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். இரண்டு வருடம் முன்பு அம்மா இறந்ததும் தூக்கம் கெட்டு, அழுகை நிற்காமல், எங்கள் மனநலப் பிரிவில் ஆறு மாதம் மருந்து சாப்பிட்டுக் குணமானவள். நான்தான் மருந்து கொடுப்பேன். எப்போதும் சில்லறையாகக் கொடுத்துவிட்டு நன்றி சொல்லிப் போவாள்.

"உங்ககிட்ட அன்னைக்கே கேட்டேனேக்கா," என்றாள் அண்ணியிடம். "இது வெளிய போகாதேன்னு கேட்டேன். இந்த ரூமை விட்டுப் போகாதும்மா, என்னை நம்புன்னு சொன்னீங்க."

டீச்சருக்கு அன்று காலையே பள்ளியிலிருந்து போன் வந்துவிட்டது. பெற்றோர்கள் பேசுகிறார்கள், இனி வர வேண்டாம் என்று.

இரண்டு நாளில் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்? மென்பொருள் கம்பெனி ஓர் அறிக்கை கொடுத்தது. உள் பக்கத்தில் தடைசெய்யப்பட்ட குறியை ஒரே ஒரு பயனர் நாற்பத்தேழு முறை இட்டிருக்கிறார், சுற்றறிக்கை வந்த பிறகும் இட்டிருக்கிறார், பாதுகாப்பு குலைந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்று. அந்தப் பயனர் அண்ணி. பிரிவில் மற்ற ஏழு பேரும் தட்டாமலா இருந்தார்கள்? தட்டினார்கள். காலையில் அண்ணிதான் முதலில் வந்து அவள் கடவுச்சொல்லில் எல்லாக் கணினியையும் திறப்பாள். கூட்ட நேரத்தில் யார் கைக்கு எந்த நாற்காலி கிடைக்கிறதோ அதில் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். தப்புதான். ஆனால் எட்டுப் பேருக்கு மூன்று கணினி கொடுத்தவர்கள் அதைப் பற்றிப் பேசலாமா?

நிர்வாக அதிகாரி அண்ணியைக் கூப்பிட்டு இனிக்க இனிக்கப் பேசினார். "ஏம்மா, பெருசா ஒண்ணும் இல்ல. கவனக்குறைவா அந்தக் குறியைப் போட்டுட்டேன், மன்னிக்கணும்னு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துடுங்க. இடமாற்றத்தோட முடிச்சுடறேன். இல்லன்னா விசாரணை, வேலை நீக்கம் வரைக்கும் போகும். ஏழு வருஷ சர்வீஸ் பாக்கி இருக்கு, யோசிங்க."

யோசிப்பதற்கு வீட்டில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அண்ணன் கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தவன். இரண்டு வருடம் முன்பு ஒரு தகடு சரிந்து வலது கை நரம்பு அறுந்து போனது. டம்ளரைப் பிடிக்கவே இடது கையைத் துணைக்கு அழைக்க வேண்டும். அந்த வீட்டில் உலை கொதிப்பது அண்ணி வேலையில்தான்.

"எழுதிக் கொடுத்துடு," என்றான் அண்ணன். "வாயைக் கொடுத்து வம்புல மாட்டிக்காத. அவங்களோட மல்லுக்கட்ட நமக்குத் தெம்பு இருக்கா?"

"ஆமா அண்ணி," என்றேன் நானும். "ஒரு கையெழுத்துதானே. போட்டுட்டுப் போங்க."

ஆம், நான்தான் சொன்னேன். இப்போது இவ்வளவு வீறாப்பாக எழுதுகிறேனே, அன்று அந்த மேஜையில் உட்கார்ந்து அப்படித்தான் சொன்னேன். நினைத்தால் எனக்கே என் மேல் கோபம் வருகிறது.

அண்ணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் கையெழுத்துப் போட்டா ஓட்டை அடைஞ்சிடுமா?" என்று கேட்டாள். "காரணம் கிடைச்சிடுச்சுன்னு கோப்பை மூடிடுவாங்க. பெட்டி அப்படியே இருக்கும். நாளைக்கு இன்னொருத்தன் வந்து மிச்சத்தையும் அள்ளிட்டுப் போவான். அப்ப அந்த டீச்சர் மாதிரி எத்தனை பேர் என் ஜன்னல்ல வந்து நிப்பாங்க? நான் என்ன பதில் சொல்றது, என் வீட்டுல உலை கொதிக்கணும்னு சும்மா இருந்தேன்னா?"

அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டான். அண்ணி கடிதம் எழுதவில்லை.

விசாரணை மாடியில் கூட்ட அறையில் நடந்தது. துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று விதி இருந்ததால் நான் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் நிர்வாக அதிகாரி, பக்கத்தில் கம்பெனிக்காரர், ஏதோ பரிசு வாங்க வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நாற்பத்தேழு வரிகளும் அச்சடித்த தாளில் இருந்தன. தேதி, மணி, நிமிடம் எல்லாம் பிசகாமல்.

அண்ணி அந்தத் தாளைப் படித்து முடித்தாள். பத்தொன்பது வருடம் பதிவேட்டோடு குடித்தனம் நடத்தியவள் அல்லவா? "இது உள் பக்கத்தோட பதிவேடு," என்றாள். "வெளிப் பக்கத்துல யார் யார் என்ன அடிச்சாங்கன்னு இன்னொரு பதிவேடு இருக்கணுமே. அது எங்க சார்?"

"அது இந்த விசாரணைக்குத் தேவையில்லை," என்றார் கம்பெனிக்காரர்.

"உள் ஆளைத் தேட உள் பதிவேடு மட்டும் போதுமா தம்பி? வெளியில இருந்துதானே அள்ளிட்டுப் போயிருக்கான்?"

"மேடம், வெளிப் பக்கத்துல எந்தக் குறையும் இல்ல. நாங்க சோதிச்சாச்சு."

அண்ணி தன் மூன்று கடித நகல்களையும் மேஜையில் வைத்தாள். பிறகு அதிகாரியிடம் சொன்னாள்: "சார், நான் எந்த கீபோர்டையும் தொட மாட்டேன். உங்க போன்லயே வெளிப் பக்கத்தைத் திறங்க. நீங்க இங்க வைத்தியம் பார்க்கிற அட்டை எண்ணையே அடிங்க. முன்னாடி மட்டும் அந்த ஒற்றைக் குறியைப் போடுங்க."

அதிகாரி சலித்துக்கொண்டே அடித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் படித்தார். அதே புலம்பல். பட்டியலின் பெயர், தேடப் போன இடம், எல்லாம். "என்னய்யா இது, என் போன்ல உங்க உள் விஷயமெல்லாம் வருது?"

"வெறும் எரர் மெசேஜ்தான் சார். இதால எந்த ஆபத்தும் இல்ல," என்றார் கம்பெனிக்காரர்.

"அப்ப அதுக்கு அடுத்து அடிக்க வேண்டிய வரியையும் அவரையே அடிக்கச் சொல்லுங்க சார்," என்றாள் அண்ணி. "எனக்கு அது தெரியாது. தெரிஞ்சு அடிச்சாலும் நாற்பத்தெட்டாவது குற்றம் ஆயிடும். தம்பிக்குத் தெரியும். ஆபத்து இல்லன்னா அடிச்சுக் காட்டட்டும்."

அதிகாரி போனை அவர் பக்கம் தள்ளினார். "அடிங்க."

கம்பெனிக்காரர் போனைத் தொடவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருந்தார். கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

"ஒண்ணும் இல்லன்னீங்களே. அடிங்கய்யா."

"வேண்டாம் சார். இது நிஜ சிஸ்டம். எல்லா பேஷண்ட் விவரமும் இங்கேயே..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அடப் பாவி! எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது. தெரிந்திருக்கிறது. நான்கு மாதமாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் ஒரு பெண்ணின் விரலைச் சாட்சிக்கு இழுத்துப் போட்டிருக்கிறார்கள். அண்ணி என் முழங்கையைப் பிடித்து அழுத்தியதால் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தை அன்றே மூடினார்கள். ஒன்றரை நாளில் சரி செய்துவிட்டார்கள். ஒன்றரை நாள்! கம்பெனிக்கு ஒரு கீறல் விழவில்லை. ஒப்பந்தம் அப்படியே தொடர்கிறது. அண்ணிக்கு உத்தரவு வந்தது: "குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. எனினும் எதிர்காலத்தில் கவனமாக இருக்குமாறு எச்சரிக்கப்படுகிறார்." செய்யாத குற்றத்துக்கு என்ன எச்சரிக்கை என்று நான் குதித்தேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு, விடு என்றான் அண்ணன். அவனும் அன்று இரண்டு தடவை சாப்பிட்டான், அவ்வளவு நிம்மதி.

அடுத்த வாரம் டீச்சர் மறுபடி வந்தாள். வேலையை மீட்க வழக்குப் போடப் போகிறாள். அந்தப் பட்டியல் மருத்துவமனையிலிருந்து திருடு போனது, அவளாக வெளியே சொன்னது அல்ல என்று மருத்துவமனை ஒரு காகிதம் தர வேண்டும் என்று அவள் வக்கீல் கேட்டிருக்கிறார். நிர்வாகம் கையை விரித்துவிட்டது. கொடுத்தால் தப்பை ஒப்புக்கொண்டது போலாகிவிடுமாம். மூன்று மேஜை ஏறி இறங்கிவிட்டுக் கடைசியில் ரெக்கார்டு ஜன்னலுக்கு வந்து நின்றாள். எதுவும் கேட்கக்கூட இல்லை. நடந்ததை மட்டும் சொன்னாள்.

அண்ணி ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். நான் மருந்துப் பட்டியல் கொடுக்க அங்கே போயிருந்தேன். அவள் எழுதுவதைத் தோளுக்கு மேலாகப் படித்தேன். விவரங்கள் எங்கள் இணையப் பக்கத்தின் குறையால்தான் வெளியேறின. அந்தக் குறையை நான் இன்ன இன்ன மூன்று தேதிகளில் எழுத்தில் தெரிவித்தேன். இந்த அம்மாவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. கடித எண்களையும் எழுதினாள். கீழே பெயர், பதவி, பிரிவு, கையெழுத்து.

"அண்ணி," என்றேன் மெதுவாக. "அனுமதி இல்லாம இப்படிக் கொடுத்தா மறுபடியும் மெமோ வரும். இந்தத் தடவை விட மாட்டாங்க."

"வரட்டும்," என்றாள், தாளை மடித்து ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டே. "கோப்பு வைக்கவா எனக்கு இடமில்ல?"

அன்று கையெழுத்துப் போடுங்கள் என்றவள், இன்று போடாதீர்கள் என்று தடுக்கவில்லை. டீச்சர் தாளைப் பிரித்துப் படித்தாள், மறுபடி மடித்தாள், பையில் வைத்தாள். அவள் வழக்கு இன்னும் முதல் வாய்தாவுக்கே வரவில்லை. அண்ணிக்கு மெமோ மட்டும் திங்கட்கிழமையே வந்துவிட்டது.